‘மோர் பெட்டர்’ எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டில் இருக்கும் நம் வீடுகளில் இரண்டு பிழைகளை அடிக்கடி கேட்கலாம். பெரியவர் ஆங்கிலத்தில் ‘திஸ் இஸ் மோர் பெட்டர்’ என்பார். பிள்ளை தமிழில் ‘நான் விட அவன் பெரிசு’ என்பான். முதலாவதுக்குப் பிள்ளை சிரிப்பான். இரண்டாவதுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா சிரிப்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சில வருஷங்களாகப் பாடம் எடுக்கிறேன். உள்ளே பிள்ளைகளுக்குத் தமிழ். வெளியே காத்திருக்கும் பாட்டி தாத்தாக்களும் அம்மாக்களும் கேட்டால், அவர்களுக்குக் கொஞ்சம் ஆங்கிலம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. இந்த இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது ஆங்கிலம் ஒரு சொல்லை மாற்றுகிறது; தமிழ் வேறொரு சொல்லை மாற்றுகிறது. இவ்வளவுதான் விஷயம். இது தெரிந்த வீட்டில் சிரிப்பதற்குப் பதிலாக விளக்கம் சொல்லலாம்.

பரீட்சைக்குப் படித்த மூன்று படிகள்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்தவர்களுக்கு ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்றதும் பள்ளிக்கூட ஞாபகம் வரும். பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று மூன்று படிகள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மற்ற இரண்டு படிகளுக்கும் மாற்றச் சொல்வார்கள். ‘நோ அதர்’ என்று தொடங்கினால் பாசிட்டிவ், ‘தேன் எனி அதர்’ வந்தால் கம்பேரட்டிவ் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினவர்கள் நம்மில் ஏராளம். (இது சாப்பிடுகிற தேன் இல்லை, ஒப்பிடுகிற ‘தேன்’.) மார்க் வந்தது, பேசும்போது மட்டும் நாக்கு தடுமாறியது. காரணம், சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்த அளவுக்கு அதன் அடிப்படையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடிப்படை எளிது. ஆங்கிலத்தில் பண்பைச் சொல்லும் சொல்லே உருமாறுகிறது. சிறிய சொல்லாக இருந்தால் வால் முளைக்கும்: ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகும்போது ஜி எழுத்து இரட்டிக்கும். ‘ஹேப்பி’ மாதிரி வொய் எழுத்தில் முடிந்தால் அந்த வொய் ஐயாக மாறி ‘ஹேப்பியர்’ ஆகும். நீளமான சொல்லுக்கு வால் ஒட்டாது. முன்னால் மோர், மோஸ்ட் வரும்: மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல். ‘குட்’ மாதிரிச் சில பழைய சொற்கள் ஆளையே மாற்றிவிடும்: குட், பெட்டர், பெஸ்ட், பேட், வர்ஸ், வர்ஸ்ட்.

இரண்டு பேரை ஒப்பிட்டால் கம்பேரட்டிவ், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் சூப்பர்லேட்டிவ். சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் பெரும்பாலும் ‘தி’ வரும். அன்றாடப் பேச்சுக்கு இவ்வளவு போதும்.

தமிழில் அந்த வால் எங்கே?

இப்போது தமிழுக்கு வாருங்கள். ‘இந்த வீடு பெரிசு.’ ‘இந்த வீடு அந்த வீட்டை விடப் பெரிசு.’ ‘இருக்கிறதிலேயே இந்த வீடுதான் பெரிசு.’ மூன்றிலும் ‘பெரிசு’ அசையவே இல்லை. மாறியது எது? அந்த இன்னொரு வீடு! ‘வீடு’ என்பது ‘வீட்டை’ ஆகி, அதன் பின்னால் ‘விட’ வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ‘விட’ யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். அது ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘அவனை விட’ என்றால் அவனை விட்டுவிட்டு, அவனைத் தாண்டி என்று பொருள் விரிகிறது. இன்னொரு வழி ‘அவனைக் காட்டிலும்’. அது ‘காட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘அவனைப் பார்க்க இவன் தேவலை’ என்று ஊரில் சொல்வோமே, அது ‘பார்’ என்ற வினை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘என்னிலும் பார்க்க அவர் கெட்டிக்காரர்’ என்பார்கள். எல்லாமே வினைச்சொல்லின் வழியாக வந்த ஒப்பீடுகள். ஒன்றை விட்டு, ஒன்றைக் காட்டி, ஒன்றைப் பார்த்து ஒப்பிடுகிறோம்.

பழைய இலக்கணமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இல், இன் என்ற ஐந்தாம் வேற்றுமை உருபுகளுக்கு நான்கு பொருள்களைத் தருகிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஒன்றிலிருந்து நீங்குவதும் ஒன்றோடு ஒப்பிடுவதும் ஒரே உருபுக்குள் இருப்பதைக் கவனியுங்கள். இதற்கு உரைகாரர்கள் காக்கையையும் களாப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, எது அதிகக் கறுப்பு என்று காட்டுவார்கள். அங்கேயும் உருபு ஒட்டுவது காக்கையின் மேல்தான். ‘கறுப்பு’ என்ற சொல்லின் மேல் இல்லை.

ஆக, ஆங்கிலத்தில் ஒப்பீடு பண்புச்சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழில் ஒப்பிடப்படும் பொருளின் வாலில் இருக்கிறது. ஜெர்மனியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போலவே பண்புச்சொல்லில் வால் முளைக்கும். பிரான்சில் வளர்பவர்களுக்குப் பண்புச்சொல்லின் முன்னால் ‘ப்ளூ’ வரும். இந்த நாடுகளில் பிள்ளையின் பள்ளிக்கூட மொழியும் வீட்டுத் தமிழும் இந்த ஒரு இடத்தில் எதிர் எதிராகத்தான் நிற்கின்றன.

பிழைகளின் முகவரி

இதைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பிழைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

‘திஸ் ஹவுஸ் இஸ் பிக் தேன் தட் ஹவுஸ்.’ தமிழில் ‘பெரிசு’ மாறாது. அந்தப் பழக்கத்தில் ‘பிக்’கும் மாறாமல் நிற்கிறது. ‘விட’ இருந்த இடத்தில் ‘தேன்’ சரியாக வந்துவிட்டது. பேசியவர் பாதிக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். மீதி அந்த ‘-எர்’ மட்டும்தான்.

‘மோர் பெட்டர்.’ தமிழில் ‘இன்னும் நல்லா இருக்கு’ என்கிறோம். அந்த ‘இன்னும்’தான் ‘மோர்’ ஆகிறது. ‘பெட்டர்’ என்பதைத் தமிழ்க் காது ‘நல்லது’ என்ற சாதாரணச் சொல்லாகத்தான் வாங்கி வைத்திருக்கிறது. ‘இன்னிக்கு உடம்பு பெட்டரா இருக்கு’ என்று தமிழுக்குள்ளேயே பேசுகிறோமே!

இதில் பெரியவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. இப்படி இரட்டையாகச் சொல்வது ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் குற்றமாகவே இருக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனி பேசும் புகழ்பெற்ற உரையிலேயே இரட்டை சூப்பர்லேட்டிவ் வருகிறது. 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் போன்றவர்கள் அதைக் கண்டித்தார்கள்; அது படித்தவர்களின் எழுத்தை விட்டும் ஒதுங்கியது. இன்று பரீட்சையில் எழுதினால் தப்புதான். ஆனால் அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

‘ஹி இஸ் பெஸ்ட் ப்ளேயர்.’ இங்கே ‘தி’ காணாமல் போய்விட்டது. தமிழில் ‘தி’க்கு நிகரான சொல்லே கிடையாது. அதனால் அதன் குறை தமிழ்க் காதுக்கு உறைப்பதில்லை.

‘ஹி இஸ் சீனியர் தேன் மீ.’ அலுவலகத்தில் அடிக்கடி கேட்பது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வரும்போதே ஒப்பீட்டைச் சுமந்துகொண்டு வந்த சொற்கள். அவற்றுக்கு ‘டு’ தான் துணை: ‘சீனியர் டு மீ.’

இனி பிள்ளைகளின் பக்கம். ‘நான் விட அவன் பெரிசு.’ பிள்ளைக்கு ‘விட’ என்பது ‘தேன்’ மாதிரி தனியாக நிற்கும் ஒரு சொல். அதற்கு முன்னால் வருவது ‘என்னை’ என்று மாறவேண்டும் என்று தோன்றாது. ‘அவன் மோர் உயரம்’, ‘அவன் அதிகம் உயரம்’ என்பதும் அதே கதைதான். பண்புச்சொல்லில் ஏதாவது செய்தால்தான் ஒப்பீடு முடியும் என்று அதன் ஆங்கில மூளை நம்புகிறது. பாட்டியின் பிழையைக் கண்ணாடியில் காட்டினால் பேரனின் பிழை தெரியும்.

சிரிப்பின் விலை

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கு மகளைக் கூட்டி வரும் ஒரு அம்மா, பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ‘நான் பேசினா அவளுக்கு வெக்கமா இருக்காம். அவங்க அப்பாவே போகட்டும்’ என்றார். ஊரில் அவர் பட்டதாரி. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேட்க ஆசை நிறைய இருந்தது. ஒரு ‘மோர் பெட்டர்’, காரில் திரும்பி வரும்போது ஒரு கேலி. அவ்வளவுதான்.

இன்னொரு பையன் கோடை விடுமுறைக்கு மதுரை போய்விட்டு வந்தான். போவதற்கு முன்னால் வகுப்பில் வாய் ஓயாது. வந்த பிறகு தலையை மட்டும் ஆட்டினான். கேட்டபோது மெதுவாகச் சொன்னான்: ‘நான் தமிழ் பேசினா கசின்ஸ் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிச்சாங்க மிஸ்.’

இந்த இரண்டு பேருக்கும் இலக்கணம் ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. பத்து நிமிஷத்தில் சரி செய்யக்கூடியது. பேச்சு நின்றுபோனால்தான் சரி செய்ய எதுவும் மிஞ்சாது.

அதே வகுப்பில் நல்லபடியாகவும் ஒன்று நடந்தது. ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா, பேரனைக் கூட்டிப் போக வந்தவர், என்னிடம் ஆங்கிலத்திலேயே ‘டுடே மை நீ இஸ் மோர் பெட்டர்’ என்றார். பேரன் உடனே, ‘அம்மம்மா, வெறும் பெட்டர் எண்டு சொன்னாக் காணும். பெட்டருக்குள்ளயே மோர் இருக்கு’ என்றான். அந்த வாரம்தான் வகுப்பில் இதைப் பேசியிருந்தோம். அவர் விடவில்லை. ‘அப்ப நீ சொல்லு, உனக்குக் கால் பெலமோ எனக்கோ?’ என்றார். ‘நான் விட அம்மம்மா பெலம்.’ ‘நான் விட இல்லையடா, என்னை விட. வால் என்னிலதான் வரோணும்.’ இருவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள்.

எட்டா, நாலா?

ஒப்பீட்டைப் போலவே வீட்டில் சண்டை வருகிற இன்னொரு இடம் ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’. நாம் படித்தது எட்டு: நவுன் என்ற பெயர்ச்சொல், புரோநவுன் என்ற பிரதிப்பெயர், வெர்ப் என்ற வினைச்சொல், அட்ஜெக்டிவ் என்ற பெயரடை, அட்வெர்ப் என்ற வினையடை, ப்ரெபோசிஷன் என்ற முன்னிடைச்சொல், கன்ஜங்ஷன் என்ற இணைப்புச்சொல், இன்டர்ஜெக்ஷன் என்ற வியப்புச்சொல்.

இந்த எட்டு என்ற கணக்கு கிரேக்கத்திலிருந்து வந்தது. டயோனிசியஸ் த்ராக்ஸ் என்பவரின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகை உண்டு; அதில் பெயரடை தனி வகை இல்லை, பெயருக்குள் அடக்கம். லத்தீனில் ‘தி’ மாதிரி ஆர்ட்டிக்கிள் கிடையாது. அதனால் அதை எடுத்துவிட்டு வியப்புச்சொல்லைத் தனியாக வைத்து எட்டை நிரப்பினார்கள். ஆங்கிலத்தில் பிறகு பெயரடை தனியாகப் பிரிந்தது. எண்ணிக்கை அதே எட்டு, உள்ளே இருக்கும் ஆட்கள் வேறு.

தமிழ் இலக்கணம் போட்ட கணக்கு நாலு: பெயர், வினை, இடை, உரி. தொல்காப்பியத்திலிருந்தே இதுதான். ஆங்கிலம் தனியாக வைக்கும் பிரதிப்பெயர் நமக்குப் பெயருக்குள் அடக்கம். ‘அண்ட்’ என்ற இணைப்புச்சொல் நமக்குத் தனிச்சொல்லே இல்லை; ‘அம்மாவும் அப்பாவும்’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘உம்’ என்ற இடைச்சொல். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ப்ரெபோசிஷன் நம்மிடம் பெயருக்குப் பின்னால் வரும்: ‘மேசை மேல’, ‘வீட்டில’. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைச் சொல்லும் ஆறு உரிச்சொற்களை நன்னூல் ஒன்றாக வைக்கிறது. இன்று நாம் ‘ரொம்ப’ என்கிற இடத்தில் நின்ற சொற்கள் அவை.

அதனால் பிள்ளை வந்து, ‘அப்பா, நீங்க சொல்றது தப்பு, மை என்கிறது அட்ஜெக்டிவ் இல்லை, டிட்டர்மினர்’ என்று சொன்னால் கோபப்படாதீர்கள். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டத்தில் 2ஆம் வகுப்பிலேயே -எர், -எஸ்ட் வந்துவிடுகிறது; 4ஆம் வகுப்பில் டிட்டர்மினர் என்ற பெயர் வருகிறது. ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ எல்லாம் அந்தக் கூடைக்குள் போகும். நம் காலத்துப் புத்தகம் ‘மை’யை வேறு கூடையில் போட்டிருந்தது. இரண்டு பேரும் அவரவர் படித்ததைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். பிள்ளையின் பரீட்சைக்கு மட்டும் பிள்ளையின் கூடையையே பயன்படுத்துங்கள்.

நல்ல, நல்லா: காதுக்கு ஒரு சோதனை

பெயரடையா வினையடையா என்று குழம்பும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு நல்ல கருவி. தமிழில் ‘உயரம்’ ஒரு பெயர். ‘ஆன’ சேர்த்தால் ‘உயரமான’ என்று பெயரடை. ‘ஆக’ சேர்த்தால் ‘உயரமாக’ என்று வினையடை. பேச்சில் ‘நல்ல பாட்டு’, ‘நல்லா பாடறா’. இதை எந்தப் பிள்ளையும் மாற்றிச் சொல்வதில்லை.

ஆகவே ‘ஷீ சிங்ஸ் குட்’ என்று எழுதும் பிள்ளையிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘நல்லா பாடறா’ என்று வந்தால் அங்கே ‘வெல்’ வரவேண்டும். ‘நல்ல பாட்டு’ என்று வந்தால் ‘குட்’.

இரண்டு இடத்தில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். ஒன்று, ‘சாப்பாடு நல்லா மணக்குது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மெல்ஸ் குட்’ தான். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் ஆகியவை இப்படி வரும்போது ‘இஸ்’ போலவே வேலை செய்யும்; அவற்றுக்குப் பின்னால் பெயரடை வரும். இரண்டு, சில சொற்களுக்கு -லி ஒட்டாது. ‘வேகமான கார்’, ‘வேகமா ஓடினான்’ இரண்டுக்கும் ‘ஃபாஸ்ட்’ தான். ‘கடுமையாக உழைக்கிறார்’ என்று நினைத்து ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்று சொன்னால், அவர் வேலையே பார்ப்பதில்லை என்று ஆகிவிடும்! ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்பதே சரி.

வீட்டில் செய்து பார்க்க

புத்தகம் வேண்டாம். சாப்பாட்டு மேசையில் மூன்று மலைகளை வையுங்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நீங்கள் இருக்கும் நாட்டின் மலையைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

பிள்ளை தமிழில் சொல்லட்டும்: ‘பென் நெவிஸை விட பிதுருதலாகலை உயரம்.’ ‘மூணுலயும் தொட்டபெட்டாதான் உயரம்.’ ‘ஐ’யும் ‘விட’வும் எந்த மலையின் மேல் ஒட்டுகின்றன என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

பெரியவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும்: ‘பிதுருதலாகலை இஸ் ஹையர் தேன் பென் நெவிஸ்.’ ‘தொட்டபெட்டா இஸ் தி ஹையஸ்ட் ஆஃப் தி த்ரீ.’ ‘-எர்’ எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று அவரும் காட்டட்டும்.

தப்பினால் திருத்துவது எதிரில் இருப்பவரின் வேலை. விதி ஒன்றே ஒன்று: திருத்துபவர் காரணத்தையும் சொல்ல வேண்டும். ‘தப்பு’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புள்ளி கிடையாது. மலை முடிந்தால் இட்லியையும் தோசையையும் எடுங்கள், பஸ்ஸையும் ரயிலையும் எடுங்கள். பிள்ளைகளை மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட வேண்டாம். அந்த வாக்கியம் எந்த மொழியிலும் நன்றாக முடிவதில்லை. பத்து நிமிஷம் போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அம்மாவும் மகளும் சேர்ந்தே போகலாம்.